சமையலறை இல்லாதவருக்கு எந்த மார்க்கெட்? பெங்களூரில் ஒரு காலைப் பொழுது

சில வருடங்களுக்கு முன்பு ஒரு டிசம்பர் காலையில் பெங்களூர் கேஆர் மார்க்கெட்டில் இரண்டு கிலோ அவரேகாய் வாங்கினேன். பெயரைக் கேட்டு நம்மூர் அவரைக்காய் என்று நினைத்துவிட வேண்டாம், அது பச்சை மொச்சை. பனிக்காலத்தில்தான் வரும். காயைத் தொட்டால் விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுபிசுப்பு ஒட்டும், அதில் ஒரு மணம் இருக்கும். அந்த மணத்துக்கே அங்கே ‘சொகடு’ என்று தனிப்பெயர் உண்டு. குவியலைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. வாங்கிக்கொண்டு லாட்ஜுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அறையில் அடுப்பு கிடையாது. ஊருக்குத் திரும்ப இன்னும் மூன்று நாள். மாலையில் அறையைக் கூட்ட வந்த அம்மாவிடம் பையோடு கொடுத்துவிட்டேன். அவர் ஒரு காயை எடுத்து மோந்து பார்த்தார், என்ன விலை கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதிலிருந்து எந்த ஊரில் மார்க்கெட் பார்க்கப் போனாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: அடுப்பில்லாதவனுக்கு இந்த மார்க்கெட்டில் என்ன வேலை? கண்ணாரப் பார்க்கலாம். அங்கேயே எதையாவது சாப்பிடலாம். கெடாத பொருளாக ஏதாவது ஊருக்குக் கொண்டுவரலாம். அவ்வளவுதான். பெங்களூரில் ஒரே ஒரு காலை கையில் இருக்கிறது, ஒரு மார்க்கெட்டும் ஒரு பூங்காவும் பார்க்க வேண்டும் என்பவர்கள் இந்தக் கேள்வியை வைத்தே முடிவெடுக்கலாம். ‘லால்பாக்கா, கப்பன் பார்க்கா’ என்று ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். பூங்கா பதினோரு மணிக்குப் போனாலும் அதே இடத்தில் இருக்கும். மார்க்கெட் இருக்காது. அதனால் மார்க்கெட்டை முதலில் முடிவு செய்துவிட்டு, பக்கத்துப் பூங்காவை அதோடு சேர்த்துக்கொள்வதுதான் என் வழி.

இரவு ரயிலில் கிளம்பி விடியற்காலையில் மெஜஸ்டிக்கில் இறங்குகிறவருக்கு வழி சுலபம். அங்கிருந்து பச்சை வழி மெட்ரோவில் தெற்கே போனால் சிக்பேட்டை, அடுத்து கேஆர் மார்க்கெட், அடுத்து நேஷனல் காலேஜ், அதற்கடுத்து லால்பாக். ஊதா வழியில் கிழக்கே போனால் மூன்றாவது நிறுத்தம் கப்பன் பார்க். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முதல் மெட்ரோ தாமதமாகத்தான் கிளம்பும், அன்றைக்கு ஆட்டோதான்.

கேஆர் மார்க்கெட், பிறகு லால்பாக்

உள்ளூர்க்காரர்கள் பலர் இதை இன்னும் சிட்டி மார்க்கெட் என்றுதான் சொல்கிறார்கள். 1928இல் கட்டியது, மைசூர் மகாராஜா கிருஷ்ணராஜ உடையார் பெயர். காய்கறி, மளிகை, பாத்திரம், இரும்புச் சாமான் எல்லாம் இருக்கிறது. ஆனால் வெளியூர்க்காரர் அங்கே போவது பூவுக்காக. விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். வெளிச்சம் நன்றாக வந்தபிறகு போனால் பாதி வியாபாரம் முடிந்திருக்கும்.

மாடிப்படியில் ஏறி முதல் தளத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே பாருங்கள். மஞ்சள் சேவந்தி ஒரு மலை, ஆரஞ்சுச் செண்டுமல்லி ஒரு மலை, நடுவில் மூட்டை மூட்டையாக ரோஜா. மல்லிகையும் கனகாம்பரமும் கூடையில். மூட்டையைத் தலையில் தூக்கியவர்கள் குரல் கொடுத்துக்கொண்டே வருவார்கள், நாம்தான் ஒதுங்க வேண்டும். தரை எப்போதும் ஈரம், மிதிபட்ட காம்பும் இதழும் சேர்ந்து வழுக்கும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போய் ஒரு முறை அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். பிடிப்புள்ள ஷூ போட்டுப் போவது உத்தமம்.

பூ தொடுத்து விற்பவரிடம் விலை கேட்கும்போது நமக்குப் பழகிய முழக்கணக்கே அங்கும் வரும், ‘மொள’ என்பார்கள். அதற்கு மேல் ஒரு கணக்கு உண்டு, ‘மாரு’. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுதாக விரித்தால் ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனி வரை ஒரு மாரு. அதனால் விற்பவர் குள்ளமா நெட்டையா என்று பார்த்து வாங்குகிற ஆட்களும் உண்டு. விலை கேட்க ‘எஷ்டு’ என்ற ஒரு சொல் போதும். அதுகூட வேண்டாம், தமிழிலேயே கேட்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பூ வருகிற இடம், தமிழ் புரியாதவரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

சரி, நம் கேள்விக்கு வருவோம். பார்க்க? இங்கே நான் சொல்லப்போகும் நான்கு மார்க்கெட்டுகளில் இதற்கு நிகர் இல்லை. சாப்பிட? டீ, பன், தள்ளுவண்டி இட்லி கிடைக்கும், தேடிப் போய்ச் சாப்பிடுகிற மாதிரி ஒன்றும் இல்லை. கொண்டுவர? பூ வாடும், காய் கனக்கும். ஆக மூன்றில் ஒன்றுக்குத்தான் தேறுகிறது, அந்த ஒன்றில் முழு மதிப்பெண். வரமகாலட்சுமி நோன்பு, ஆயுத பூஜைக்கு முந்தின நாட்களில் கூட்டமும் விலையும் சேர்ந்து ஏறும். படம் எடுக்கிறவருக்கு அது கொண்டாட்டம், வயதானவரைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்குத் தண்டனை.

நேரம் மிச்சமிருந்தால் பக்கத்திலேயே கோட்டையும், 1791இல் கட்டி முடித்த திப்புவின் கோடை அரண்மனையும் இருக்கின்றன. மர அரண்மனை, சிறியது, அரை மணி போதும். பிறகு மெட்ரோவில் இரண்டே நிறுத்தம், லால்பாக்.

லால்பாக்கை ஹைதர் அலி 1760இல் தொடங்கினார் என்பது பள்ளிக்கூடப் பாடம். இன்றைக்கு 240 ஏக்கர். மேற்கு வாசலில் நுழைந்தால் ஏரி, மரங்கள், கண்ணாடி மாளிகை என்று நடந்து பிரதான வாசல் பக்கம் இருக்கும் பாறைக்கு வந்து சேரலாம். கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டினார்கள், லண்டன் கிரிஸ்டல் பேலஸைப் பார்த்துக் கட்டியது. எனக்கு அதைவிடப் பாறைதான் பிடிக்கும். முந்நூறு கோடி வருடம் பழைய பாறை என்று புவியியல் துறை கல்வெட்டு வைத்திருக்கிறது. மேலே பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடர் பெயரில் ஒரு சின்ன கோபுரம். காலை வெயிலில் சூடேறுவதற்குள் ஏறிவிட்டால் அங்கேயே அரை மணி சும்மா உட்காரலாம்.

சுதந்திர தினம், குடியரசு தினத்தை ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சிக்கு ஊரே திரண்டு வரும். கண்காட்சிதான் பார்க்க வேண்டும் என்றால் சரி. பூங்கா பார்க்க வேண்டும் என்றால் அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள், மரத்தைவிட மனிதத் தலைதான் அதிகம் தெரியும்.

காந்தி பஜார், அதே லால்பாக்

காந்தி பஜார் கட்டடத்துக்குள் இருக்கும் மார்க்கெட் அல்ல, பசவனகுடியில் ஒரு தெரு. நடைபாதையில் பூ, வாழையிலை, வெற்றிலை, மாவிலை, பழம், காய். பின்னால் வரிசையாகக் கடைகள். நேஷனல் காலேஜ் மெட்ரோவில் இறங்கினால் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நடை. கேஆர் மார்க்கெட்டின் ஆரவாரத்தில் நூறில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. விடிவதற்கு முன் எழுந்து ஓடவும் வேண்டாம், ஏழரை எட்டு மணிக்குப் போனால் போதும். கண்ணுக்கு விருந்து என்று சொல்ல மாட்டேன். நம்மூர் கோயில் தெருவைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக அதிகம் இல்லை.

ஆனால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்தத் தெருதான் பதில்.

முதலில் சாப்பாடு. வித்யார்த்தி பவன் இந்தத் தெருவில்தான் இருக்கிறது, 1943இலிருந்து. மசால் தோசை. நம்மூர் முறுகல் தோசையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இது கொஞ்சம் தடி, வெளியே கரகரவென்று சிவந்திருக்கும், உள்ளே மெத்தென்று இருக்கும், விரலில் நெய் ஒட்டும். சாம்பார் கிடையாது, சட்னி மட்டும், அதுவும் தண்ணியாக. முதல் தடவை போனபோது சாம்பார் கேட்டு அசடு வழிந்தேன். தோசையைவிட அதைக் கொண்டுவருகிற விதம்தான் வேடிக்கை. பரிமாறுபவர் ஒரு கையில் தட்டுமேல் தட்டாகத் தோள்வரை அடுக்கிக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து வந்து, ஒன்றொன்றாக உருவி வைத்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை பெயர் கொடுத்துவிட்டு வாசலில் வெகுநேரம் நிற்க வேண்டிவரும். வார நாளில் சீக்கிரம் போனால் உடனே இடம் கிடைக்கும்.

அடுத்து, கொண்டுபோகிற பொருள். இந்தப் பக்கத்தில் குறுக்குத்தெருக்களில் தின்பண்டக் கடைகள் நிறைய. கோடுபளே, நிப்பட்டு, சக்குலி, சட்னிப்புடி, வறுத்த பயறு வகைகள். அப்புறம் ஹப்பளம், சண்டிகே. நிப்பட்டு நம் தட்டை, சக்குலி நம் முறுக்கு, கோடுபளே வளைய முறுக்கு, ஹப்பளம் நம் அப்பளம், சண்டிகே நம் வடகம். எல்லாமே ரயிலில் போட்டுக்கொண்டு வரலாம், ஒரு மாதம் கெடாது. பெட்டியில் நொறுங்காமல் இருக்க நிப்பட்டை மேலே வைக்கவும், அவ்வளவுதான் ஜாக்கிரதை.

இங்கே ஒரு சின்ன விளையாட்டு. கன்னடத்தில் பழைய ‘ப’ பல இடங்களில் ‘ஹ’ ஆகிவிட்டது: பால் ஹாலு, பூ ஹூவு, பத்து ஹத்து, புளி ஹுளி. இது தெரிந்துவிட்டால் கடைப்பலகை பாதி புரியும். ஜனவரிப் பக்கம் போனால் ‘ஹிதகித பேளே’ என்று கேள்விப்படுவீர்கள். அவரேகாய் விதையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பு. ஹிதகு, பிதுக்கு. கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் பிதுக்குப் பருப்பு என்று குழம்பு வைப்பார்களே, அதுவேதான். அன்று லாட்ஜில் கைவிட்ட என் இரண்டு கிலோவுக்குச் சரியான முடிவு இந்தக் குழம்பாக இருந்திருக்க வேண்டும். அடுப்பில்லாதவர்களும் அதைச் சாப்பிட வழி இருக்கிறது. பக்கத்திலேயே விவி புரத்தில் ஒரு தின்பண்டத் தெரு உண்டு, அவரேகாய்ப் பருவத்தில் தோசையிலிருந்து மிக்சர் வரை அதிலேயே போடுவார்கள். ஆனால் அந்தத் தெரு மாலையில்தான் உயிர் பெறும். காலைத் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

கன்னடக் கணக்கில் கார்த்திக மாதக் கடைசித் திங்கட்கிழமை (நம் கார்த்திகை அல்ல) அந்தப் பக்கம் இருக்க நேர்ந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பசவனகுடி நந்தி கோயில் தெருவில் ‘கடலேகாய் பரிஷே’, அதாவது வேர்க்கடலைச் சந்தை. விவசாயிகள் புதுக் கடலையை நந்திக்குப் படைத்துவிட்டுத் தெருவோரத்தில் குவித்து விற்பார்கள். பச்சை, வறுத்தது, அவித்தது என்று வகை வகையாக. அடுப்பில்லாதவருக்கு அதைவிடத் தோதான சந்தை இந்த ஊரில் இல்லை.

காந்தி பஜாரிலிருந்து லால்பாக் மேற்கு வாசலுக்கு நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம். தோசை செரிக்க அந்த நடை வேண்டியதுதான். குறுக்கே நடந்து பிரதான வாசலில் வெளியே வந்தால் எம்டிஆர் வந்துவிடும், 1924இல் தொடங்கிய கடை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவா இட்லியைக் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்பது அவர்கள் சொல்வது. மறுத்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சாப்பிட மறுக்கவும் மனமில்லை. கூடவே ஒரு குட்டிக் கிண்ணத்தில் நெய் வரும்.

அந்தச் சாலையில் ஹாப்காம்ஸ் கடையைப் பார்த்தால் நின்று ஒரு பழச்சாறு குடியுங்கள். தோட்டக்காரர்களின் கூட்டுறவு அது. 1959இல் அதைத் தொடங்கிவைத்த மரிகௌடாதான் லால்பாக்கையும் நெடுங்காலம் நிர்வகித்தவர். பூங்காவும் மார்க்கெட்டும் ஒரே ஆளின் கையில் இருந்த காலம் ஒன்று இந்த ஊரில் இருந்திருக்கிறது. அதற்கும் முன்னால் போனால் திகளர்கள். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்படும் தோட்டக்கலைச் சமூகம், பழைய பெங்களூரின் காய்கறித் தோட்டங்களும் பூந்தோட்டங்களும் அவர்கள் உழைப்பு. கன்னடக் கணக்கில் சைத்ர மாதப் பௌர்ணமியில் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து புறப்படும் கரகம் அவர்களுடையது.

ரசல் மார்க்கெட், பிறகு கப்பன் பார்க்

இது கண்டோன்மென்ட், அதாவது பிரிட்டிஷ் ராணுவம் இருந்த பக்கத்துப் பெங்களூர். மேலே சொன்ன இரண்டும் பேட்டை, அதாவது பழைய நகரப் பக்கத்துப் பெங்களூர். இரண்டும் ஒரே ஊர் என்று நம்பச் சற்று நேரம் ஆகும். சிவாஜி நகரில் இறங்கினால் தமிழும் தக்கிணி உருதும்தான் காதில் விழும். பக்கத்தில் செயின்ட் மேரீஸ் பசிலிக்காவில் தமிழ்ப் பூசையே உண்டு. ரசல் மார்க்கெட் 1933இல் திறந்தது, அன்றைய நகராட்சி ஆணையர் ரசலின் பெயர். 2012இல் ஒரு தீ விபத்தில் கடைகள் நிறைய எரிந்தன. மீண்டும் எழுந்து நிற்கிறது.

உயரமான கூரைக்குக் கீழே பழக்கடைகள். கேஆர் மார்க்கெட்டில் குவியல், இங்கே அடுக்கு. மாதுளையும் ஆப்பிளும் துடைத்துத் துடைத்துக் கோபுரமாக வைத்திருப்பார்கள். சீதாப்பழக் காலத்தில் எந்தப் பழத்தை இன்றைக்குச் சாப்பிடலாம், எதை நாளைக்கு என்று விற்பவரே தட்டிப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். அடுப்பு வேண்டாத உணவு பழம்தான், அந்த வகையில் இது என் கேள்விக்கு நேரடியான பதில். இன்னொரு பக்கம் இறைச்சி, மீன். வாடை பழகாதவர்கள் அந்தப் பக்கம் திரும்பாமலே வந்துவிடலாம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சுற்றுவட்டாரம் சொர்க்கம், முக்கியமாக ரம்ஜான் மாத மாலைகளில். ஆனால் அதுவும் மாலைக் கதை. காலையில் போனால் டீயும் பன்னும் பழமும்தான்.

வெளியே போக்குவரத்து மோசம். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சதுக்கத்தைக் கடப்பது ஒரு வேலை.

கப்பன் பார்க் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள். 1870இல் சாங்கி என்ற பொறியாளர் அமைத்தது. முதலில் மீட் பார்க் என்று பெயர், பிறகு கமிஷனர் கப்பன் பெயர் வந்தது, பிறகு அரசாங்கம் மைசூர் மகாராஜா சாமராஜேந்திரர் பெயரை வைத்தது, ஊர் மட்டும் கப்பனை விடவில்லை. லால்பாக் செடி கொடி பார்க்கிற இடம், மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை தேடுகிறவர்களின் இடம். கப்பன் பார்க் உட்காருகிற இடம். மூங்கில் புதர், பெரிய பெரிய நிழல் மரங்கள், நாயைக் கூட்டி வருகிறவர்கள், சனிக்கிழமை காலையில் புத்தகத்தோடு வந்து பாயை விரித்து யாரோடும் பேசாமல் படிக்கிறவர்கள். நடுவே சிவப்புக் கட்டடத்தில் மாநில மத்திய நூலகம், 1915இலிருந்து. அது திவான் சேஷாத்ரி ஐயர் நினைவாகக் கட்டிய மண்டபம். வருடத் தொடக்க மாதங்களில் போனால் இளஞ்சிவப்பில் தபேபுயா பூத்திருக்கும், ஓர் இலைகூட இல்லாமல் மரம் முழுக்கப் பூ. பூங்காவின் நடுவே சாலைகள் போகின்றன என்பது ஒரு குறை. ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள், அன்று போனால் அந்தக் குறையும் இல்லை.

வாங்கிய பழத்தை அங்கே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதுதான் எல்லாருக்கும் முதலில் வரும் யோசனை. எனக்கும் வந்தது. இரண்டு பூங்காக்களிலும் உணவுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கட்டுப்பாடு உண்டு, வாசல் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். பழத்தை வெளியிலேயே முடித்துவிடுவது நல்லது.

மல்லேஸ்வரம்

இதைச் சேர்க்காவிட்டால் மல்லேஸ்வரத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எட்டாம் குறுக்குத் தெருவில் பூவும் பழமும், வீணா ஸ்டோர்ஸில் நின்றுகொண்டே இட்லி, சிடிஆரில் வெண்ணெய் மசால் தோசை. சாப்பாட்டில் காந்தி பஜாருக்குச் சளைத்ததில்லை. ஆனால் பூங்கா என்று போனால் சாங்கி ஏரிக்கரைதான். அதே சாங்கி 1882இல் வெட்டிய ஏரி. சுற்றி நடக்கலாம், அழகுதான். அதை லால்பாக்கோடு எடை போட முடியாது. அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தனியாகப் போகிறவர், கையில் கேமரா உண்டு, நாலரை மணிக்கு எழ முடியும் என்றால் கேஆர் மார்க்கெட். பூவைப் பார்த்துவிட்டு லால்பாக் பாறைக்கு வந்து, எம்டிஆரில் முடித்துவிடலாம். இரண்டாம் தடவை பெங்களூர் வருகிறவருக்கு, அதிலும் ஞாயிற்றுக்கிழமை என்றால், ரசல் மார்க்கெட்டும் கப்பன் பார்க்கும்.

மற்ற எல்லாருக்கும், அதாவது அம்மா, மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று குடும்பமாக முதல் தடவை வருகிறவர்களுக்கு, காந்தி பஜாரும் லால்பாக்கும்தான். பார்ப்பதற்கு அது கேஆர் மார்க்கெட்டிடம் தோற்கும். ஆனால் வயிறும் பையும் நிறையும், கால் வழுக்காது, உட்கார இடம் உண்டு. மூன்று கேள்வியில் இரண்டுக்குப் பதில் இருக்கிற ஒரே காலை வழி அதுதான். ‘பெங்களூர் வந்தும் பூ மார்க்கெட் பார்க்கவில்லையா’ என்று யாராவது கேட்டால், வீட்டில் சீக்கிரம் எழுகிற ஒருவர் மட்டும் மெட்ரோவில் போய் ஒரு மாரு மல்லிகை வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் கிளம்புவதற்குள் நேஷனல் காலேஜுக்கு வந்துவிடலாம். ஒரே ஒரு நிறுத்தம்தான்.

கிளம்புவதற்கு முன் கிழமையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வித்யார்த்தி பவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, லால்பாக் எம்டிஆருக்குத் திங்கட்கிழமை.